ஏழு இஞ்சுத் திரையில் சிவப்புக் கோடு

ஞானசேகரனுக்கு லோகநாதன் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். எழுத்தில்லாத கடன், வட்டியில்லாத கடன், கேட்காமலே கொடுத்த கடன். அறுபத்திரண்டு வயது வரைக்கும் ஒருத்தர் கையை எதிர்பார்க்காமல் நிமிர்ந்து நடந்த மனிதர் வாங்கிய கடன் அது ஒன்றுதான்.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்று மேனாம்பேட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். இருந்த கொஞ்ச நிலத்துக்கு அண்ணன் தம்பி ஐந்து பேர் பங்கு கேட்டு நின்றபோது, எனக்கு ஒரு பிடி மண்கூட வேண்டாம் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பியவர். பதினாலு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறை வேலை. இருபத்திரண்டில் ஒரு கல்யாணத்தில் வீடியோ லைட் பிடிக்கக் கூப்பிட்டார்கள், போனார். லைட்டைப் பிடித்துக்கொண்டே கேமராக்காரரின் விரல்களைப் பார்த்தார். மூன்றாவது வருஷம் சொந்தக் கேமரா வாங்கிவிட்டார். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்தார், எடுத்தார், அவ்வளவுதான்.

அந்தக் காலத்துக் கேமரா ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். அதைத் தோளில் ஏற்றி, வலது கண்ணைக் குழாயில் ஒட்டிவைத்து, முகூர்த்தம் முடிகிற வரைக்கும் இறக்காமல் நிற்பார். இரண்டாயிரத்துச் சொச்சம் விசேஷம் எடுத்த கை அது. அதில் ஒரு தாலிகட்டுகூட மங்கினது கிடையாது. மேனாம்பேட்டில் அவர் கட்டிய மாடி வீடு லாட்டரியில் விழுந்ததில்லை, ஒவ்வொரு செங்கல்லும் ஒவ்வொரு தாலிகட்டு. ஊரார் அவர் பெயருக்கு முன்னால் பட்டம் எதுவும் போடவில்லைதான். ஆனால், "லோகு எடுத்தா மங்காது" என்று சொன்னார்கள். அதைவிடப் பெரிய பட்டத்தை எந்தக் காலேஜில் கொடுக்கிறார்கள்?

பிறகு சின்னக் கேமராக்கள் வந்தன. உள்ளங்கையில் அடங்கும், படம் என்னவோ சினிமா மாதிரி வரும். ஆனால் கண்ணை ஒட்டிவைக்கிற பழைய குழாய் அதில் இல்லை. முதுகில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு திரை, அவ்வளவுதான். வெயிலில் நின்றால் அதில் தன் முகம்தான் தெரியும், மணப்பெண் தெரியாது. ஆட்டோ போகஸ் என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். ஆரத்தித் தட்டு குறுக்கே போனால் அது தட்டுக்கு ஓடும், ஓமப்புகை வந்தால் புகைக்கு ஓடும்.

"ஆட்டோல போட்டு எடுக்கறவன் ஆட்டோதான் ஓட்டணும்" என்பார் லோகநாதன். கையால் வளையத்தைத் திருப்பி முகத்தைத் தெளிவுக்குக் கொண்டுவருவதுதான் அவருக்கு வேலை.

அந்தக் கைக்குக் கண் ஒத்துழைக்காமல் போனதுதான் சங்கதி. வலது கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது. கிட்டப் பார்க்கக் கண்ணாடி, தூரப் பார்க்கக் கண்ணாடியைக் கழற்று, மறுபடி திரையைப் பார்க்க மாட்டு. இதற்குள் மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சையே போட்டுவிடுவார். வீட்டில் மனைவி வரலட்சுமியிடம்கூட அவர் வாயைத் திறக்கவில்லை.

கண்டுபிடித்தது ஞானசேகரன். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் எடிட்டிங் வைத்திருந்தவர். இருபத்தாறு வருஷக் கூட்டு. லோகநாதன் எடுத்துவந்ததை ஞானசேகரன்தான் வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்பார். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே டீக்கடை, பாதி டீ பாதி டீயாகப் பகிர்ந்த காலமும் உண்டு. ஒரு சித்திரை மாதம் அவர் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"இன்னா லோகு, மூணு எடத்துல மங்கிக் கீதே."

"லென்சுல பனி பட்டிருக்கும்."

"சித்திரை மாசத்துல அம்பத்தூர்ல பனியா? ஊட்டிலயா போயி எடுத்த?"

ஞானசேகரன் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னாண்ட இன்னாத்துக்கு மறைக்கிற. கண்ணுதானே?"

லோகநாதன் தலையை மட்டும் ஆட்டினார். வேறு யாராவது கேட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்.

அடுத்த வாரம் ஞானசேகரன் அவரை எலெக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சித் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார். கேமரா மேல் மாட்டுகிற ஏழு இஞ்சு மானிட்டர், உச்சி வெயிலிலும் தெரிகிற வெளிச்சம், நிழலுக்குக் கறுப்பு மூடாக்கு, இரண்டு பேட்டரி, கேமராவிலிருந்து அதற்குப் போகிற வயர், அதைத் தாங்குகிற இரும்புக் கை. எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம். ஞானசேகரன் பையிலிருந்து ரூபாய்க் கட்டை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தார். "விசேஷத்துக்கு ரெண்டாயிரம்னு குடு, மெதுவா குடு. உன் கண்ணு விஷயம் என் நெஞ்சோட போச்சி" என்று நெஞ்சில் தட்டிக் காட்டினார்.

அந்த மானிட்டரில் ஒரு வித்தை இருந்தது. எது தெளிவாக விழுகிறதோ அதன் ஓரங்களில் சிவப்புக் கோடு கட்டிக் காட்டும். மணப்பெண்ணின் இமை தெளிவாக இருந்தால் இமை சிவக்கும். வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் கோடு இமையை விட்டு மூக்குத்திக்கு வரும், மூக்குத்தியை விட்டுக் கை வளையலுக்கு வரும். கோடு மானிட்டரில் மட்டும்தான், எடுக்கிற படத்தில் விழாது. கண்ணே வேண்டாம், கோடு போதும். லோகநாதன் ஒரே நாளில் அதைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வருஷத்துக் கை இல்லையா, சிவப்பு எங்கே ஓடுகிறது என்று விரலே பார்த்துக்கொண்டது.

மெனு மட்டும் அவருக்கு ஆகவில்லை. பொத்தானை அழுத்தினால் இங்கிலீஷில் எறும்பு எறும்பாக எழுத்து வரும். அந்தப் பக்கமே போகமாட்டார். என்ன மாற்றவேண்டுமென்றாலும் ஞானசேகரன் கையில் கொடுத்துவிடுவார். வரலட்சுமி பத்தாவது பாஸ், எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்து இங்கிலீஷ் லேபிள் அத்தனையும் படித்தவர். அவரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் சாமான்களை வீட்டில் யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டதே லோகநாதன்தான்.

மானிட்டர் வந்த பிறகு அவர் மவுசே தனி. விசேஷ வீடுகளில் பெண்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கூடிவிடுவார்கள்.

"கொஞ்சம் நவுரு நைனா, நான் தெரியறனான்னு பாக்கறேன்."

"நீ நின்னா ஒன்னியும் தெரியாது சித்தி, திரை பத்தாது."

அவர் சிரித்துக்கொண்டே எடுப்பார். எடுத்ததெல்லாம் முத்து. ஒன்றரை வருஷத்தில் பன்னிரண்டு தடவை இரண்டிரண்டாயிரமாக ஞானசேகரன் கையில் வைத்தார். பாக்கி பதினாலாயிரம்.

ஆவணியில் வெள்ளானூர் உத்தமன் வீட்டு நிச்சயதார்த்தம் வந்தது. உத்தமன் பரம்பரை விவசாயி, பாதி நிலம் மனையாகிவிட்டாலும் மாட்டை விடாதவர். அவருடைய கல்யாணத்தை எடுத்தது லோகநாதன், மூத்த மகள் கல்யாணத்தை எடுத்ததும் லோகநாதன். இப்போது இரண்டாவது மகள். நிச்சயதார்த்தம் ஆவணியில், கல்யாணம் தையில். கல்யாணத்துக்கு மட்டும் ஒன்றே முக்கால் லட்சம் பேசி வைத்திருந்தார்கள். வெள்ளானூரில் உத்தமன் வீட்டுக்கு எடுத்தவர் என்றால் சுற்றுவட்டாரத்தில் அடுத்த பத்து வருஷத்துக்கு யாரும் வேறு ஆளைத் தேடமாட்டார்கள்.

இரண்டு நாள் முன்னால் ஞானசேகரன் மேனாம்பேட்டுக்கே வந்தார்.

"மானிட்டரைக் குடு லோகு, மெனுல சின்ன வேலை கீது. கோடு இன்னும் நல்லா தெரியற மாதிரி பண்ணித் தரேன். பெரிய எடம், உன் கண்ணுக்கு வசதியா இருக்கட்டும்."

"எடுத்துகினு போ."

"அப்பால நம்ம நிர்மலு சும்மாத்தான் கீறான். அவனும் ஒரு சின்னக் கேமராவை வெச்சிகினு ஓரமா நிக்கட்டும். துட்டு வாணாம்."

நிர்மல் ஞானசேகரனின் மகன். முப்பத்தொரு வயது, எட்டு வருஷத்தில் நாலு கம்பெனி மாறி, கடைசிக் கம்பெனி அவனை மாற்றியிருந்தது.

"ஓரமா நிக்கறதுன்னா நிக்கட்டும். குறுக்க வந்தான்னா காலை ஒடச்சிடுவேன்" என்றார் லோகநாதன். இருவரும் சிரித்தார்கள்.

நிச்சயதார்த்தம் வீட்டு வாசல் பந்தலில் நடந்தது. பின்னால் எல்லாம் மங்கலாக, ஆள் மட்டும் பளிச்சென்று சினிமா மாதிரி வேண்டுமென்று பெண் கேட்டிருந்தாள். லோகநாதன் அதற்குண்டான லென்ஸைப் போட்டிருந்தார். அந்த லென்ஸில் ஒரு சாண் முன்னே பின்னே போனாலும் முகம் போய்விடும். மூடாக்கை இழுத்துவிட்டு மானிட்டரைப் பார்த்தார். பெண்ணின் இமை சிவந்தது, ஆடிய ஜிமிக்கி சிவந்தது, பின்னால் இருந்த பேனரில் பூவும் எழுத்தும்கூடச் சிவந்தன. இதுவரைக்கும் கோட்டைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. இன்றைக்கு அதுவே ஓடிவந்து உட்காருகிறது. ஞானம் பண்ணிக்கொடுத்த வேலை நல்ல வேலை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார். அன்றைக்கு அவர் பார்த்த இடமெல்லாம் சிவப்பு.

சொன்னபடியே நிர்மல் ஓரமாக நின்றான். குறுக்கே வரவேயில்லை.

மூன்றாம் நாள் ஞானசேகரன் கூப்பிட்டனுப்பினார். பெரிய டி.வி.யில் படத்தைப் போட்டார். மாப்பிள்ளை மோதிரம் போடுகிறார். பின்னால் பேனரில் 'நல்வரவு' என்கிற எழுத்து ஊசியால் கீறின மாதிரி அவ்வளவு தெளிவு. பெண்ணின் முகம் பாலில் தோய்த்து எடுத்தது போல இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே அப்படி. தட்டு மாற்றுகிற இடத்தில் தட்டைத் தூக்கிய சம்பந்தியின் தோள் துண்டு தெளிவு, முகம் தெளிவில்லை.

லோகநாதன் எழுந்து டி.வி.க்குக் கிட்டே போனார்.

"கோடு வந்துச்சே ஞானம். கண்ணால பாத்தேனே."

"கண்ணாலதான பாத்த" என்றார் ஞானசேகரன். குரலில் அத்தனை பரிவு. "உடு லோகு. நல்ல வேளை, நிர்மலு எடுத்துக்கீறான். அத்த வெச்சி ஒப்பேத்திடலாம்."

அதற்குள் நிர்மல் எடுத்தது உத்தமன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. லோகநாதன் வெள்ளானூருக்குப் போனபோது உத்தமன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அண்ணாத்தே, நீ எம்மாம் பெரிய ஆளு. உன்ன நான் ஒரு வார்த்தை தப்பா சொல்ல மாட்டேன். வயசாயிடுச்சி. ஊட்ல ராஜா மாரி குந்து. கல்யாணத்த அந்தப் புள்ள பாத்துக்கட்டும்."

லோகநாதன் கல்யாணத்துக்கு வாங்கியிருந்த முன்பணத்தை எடுத்து மாட்டுத்தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு வந்தார். வண்டியை எப்படி ஓட்டிவந்தார் என்று அவருக்கே தெரியாது.

புரட்டாசி முழுக்க அவர் வீட்டை விட்டு இறங்கவில்லை. கேமராவைப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை எங்கோ வைத்தார். சாப்பிடும்போது பேசமாட்டார். டி.வி.யில் படம் ஓடினால் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டாயிரம் விசேஷத்தைக் காப்பாற்றிய கண் ஒரே நாளில் குப்புறத் தள்ளிவிட்டது என்று தன் கண்ணையே அவர் வெறுத்தார். ஒரு நாள் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று, வலது கண்ணைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டியதை வரலட்சுமி கேட்டுவிட்டார்.

அடுத்த நாள் ஒன்றும் சொல்லாமல் அவரை ஆவடியில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, எழுத்துப் பலகையைப் படிக்கச்சொல்லி எல்லாம் பார்த்தார்.

"புரை இருக்கு பெரியவரே, ஆனா ஆரம்பம்தான். ஒரு வருஷம் கழிச்சு ஆபரேஷன் பண்ணிக்கலாம். இப்ப கண்ணாடியை மாத்துங்க, போதும்."

"ஏழு இஞ்சு பொட்டில செவப்புக் கோடு தெரியுமா, தெரியாதா?"

"செவப்பா? அதெல்லாம் நல்லாவே தெரியும். அந்த அளவுக்கு ஒண்ணும் மோசமில்லையே."

திரும்பிவருகிற வழியெல்லாம் லோகநாதனுக்கு அதே யோசனை. கண்ணுக்குக் கோடு தெரியும் என்றால், அன்றைக்குத் தெரிந்த கோடும் நிஜம். கோடு நிஜம், ஆனால் முகம் மங்கல். அப்படி எப்படி ஆகும்? வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"கேமராப் பொட்டி சாவி எங்க வெச்சேன்?"

"அரிசி டின்னுல" என்றார் வரலட்சுமி. "நீ வெச்ச அன்னிக்கே பாத்துட்டேன்."

கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி, அதே லென்ஸைப் போட்டு, மானிட்டரை மாட்டினார். கூடத்துச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டருக்கு நேராக வைத்தார். தேதி சிவந்தது. கோடு காலண்டரோடு நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. காலண்டரை ஒட்டினாற்போல் இருந்த ஜன்னலுக்கு வெளியே, இருபதடி தள்ளி நின்ற கேட்டும் சிவந்தது. வளையத்தைத் திருப்பினார். காலண்டர் அப்போதும் சிவப்பு, கேட்டும் சிவப்பு. இந்த லென்ஸில் ஒரு சாணுக்கு அப்பால் எதுவும் நிற்காது. காலண்டரும் கேட்டும் ஒரே நேரத்தில் தெளிவாக இருக்க, அந்தக் கேட்டு வீட்டுக்குள்தான் வந்து நிற்கவேண்டும்.

கோடு பொய் சொல்கிறது.

"வரலட்சுமி, இங்க வா. இந்த எழுத்தைப் படி."

முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சாமானைத் தொட வரலட்சுமியைக் கூப்பிட்டார். அவர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, எறும்பு எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இது வெளிச்சம். இது கலரு. இது… பீக்கிங்னு போட்டுக்கீது. கலரு ரெட்டு. லெவலு ஹை."

"ஹைன்னா?"

"ஜாஸ்தி. கீழ லோ, மீடியம்னு ரெண்டு கீது."

"லோ போடு."

போட்டார். கேட்டின் மேல் இருந்த சிவப்பு அப்படியே உதிர்ந்து போனது. காலண்டரில் மட்டும், அதுவும் வளையத்தை ஒரு நூல் திருப்பினபோதுதான், மெல்லிசாக ஒரு கோடு வந்து உட்கார்ந்தது. ஒன்றரை வருஷம் அவர் பார்த்துப் பழகிய கோடு அதுதான். கூட்டி வைத்தால் கண்ட இடத்திலும் விழும், குறைத்து வைத்தால் தெளிந்த இடத்தில் மட்டும் விழும். இத்தனை நாளும் யாரோ அதைச் சரியாகக் குறைத்து வைத்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் யாரோ கூட்டி வைத்தார்கள்.

யாரோ என்ன யாரோ. அந்த மெனுவைத் தொட்ட கை உலகத்தில் ஒன்றே ஒன்று.

அப்போதும் லோகநாதனின் மனசு ஞானசேகரனுக்காக வாதாடியது. கோடு தடியாகத் தெரியட்டும் என்று நினைத்திருப்பான், நல்லதுக்குச் செய்தது தப்பாகப் போயிருக்கும். இருபத்தாறு வருஷம் சும்மா போய்விடுமா? அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் மறுநாள் வெள்ளானூருக்குப் போனார். உத்தமன் இல்லை. அவர் மனைவி தாட்சாயிணி நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார். மனசில் இருந்ததை அவரே எடுத்துவிட்டார்.

"ஏண்ணே, கண்ணு தெரியலன்னா எங்களாண்ட சொல்லக்கூடாதா? உங்க கூட்டாளி சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்."

"எப்ப சொன்னாரு?"

"நிச்சயத்துக்கு மூணு நாள் முன்னாடி. கல்யாண வேலைய எம்புள்ளைக்குக் குடுத்துடுங்கன்னு கேட்டாரு. எங்க ஊட்டுக்காரரு கேக்கல. லோகு எடுக்கறது மங்கிச்சின்னா பாக்கலாம், நல்லா வந்துச்சின்னா கல்யாணமும் லோகுக்குத்தான்னு கறாரா சொல்லிட்டாரு. அவரும் சரின்னுட்டுப் போனாரு."

மூன்று நாள் முன்னால் வெள்ளானூர். அடுத்த நாள் மேனாம்பேடு. மானிட்டரைக் கொடு லோகு.

லோகநாதன் மோரைக் குடித்து முடித்தார். நடந்ததை உடைத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால், தன்னால் திரையைப் பார்க்க முடியாது, மெனுவைப் படிக்கத் தெரியாது என்று அந்த வாசலில் நின்று ஒப்புக்கொள்ளவேண்டும். அதை ஞானசேகரனும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருப்பார்.

"அண்ணே, அந்தப் புள்ளைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டோம். இல்லன்னா…"

"குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும்மா. பொண்ணு நல்லா இருக்கணும்" என்று எழுந்துகொண்டார்.

அவருக்கு அந்த ஒன்றே முக்கால் லட்சம் போனது ஒரு வலி. அதைவிட, பந்தலில் தான் நின்ற நிலை கண்முன்னால் வந்து வந்து போனது. அந்த வீட்டுக்கே அவர் கண் விஷயம் தெரிந்திருக்கிறது. எல்லாரும் அவர் மங்குவாரா மாட்டாரா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவர் மட்டும் பொய்க்கோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, அதைப் போட்டவனை மனசுக்குள் மெச்சிக்கொண்டு நின்றிருக்கிறார். நெஞ்சோட போச்சு என்று நெஞ்சில் தட்டிய கை அது.

ஐப்பசியில் ஒரு வேலை தானாக வந்தது. பாரிவாக்கத்தில் புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் ஜெயப்பிரியா என்கிற பெண்ணின் கிரகப்பிரவேசம். கோயம்புத்தூர்க்காரி, கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. போன வருஷம் தோழியின் வளைகாப்பில் லோகநாதன் எடுத்ததைப் பார்த்திருந்தாள். இருபதாயிரம் பேசினார்கள்.

முந்தைய நாள் வரலட்சுமி ஒரு துண்டுக் காகிதத்தில் மெனுவில் உள்ளதையெல்லாம் தமிழில் பெரிசு பெரிசாக எழுதி, மானிட்டரின் முதுகில் ஒட்டிக்கொடுத்தார். எத்தனையாவது பொத்தான், எத்தனை தடவை, எது லோ, எது ஹை. லோகநாதன் ராத்திரி பத்துத் தடவை அழுத்திப் பார்த்தார்.

கிரகப்பிரவேசத்தன்று வேலையைத் தொடங்குமுன் மானிட்டரை மாட்டிச் சோதித்தார். முதலில் ஒரு குடத்தை எடுத்துப் பார்த்தார், பிறகு பத்தடி தள்ளி ஒரு செருப்பை. குடம் சிவந்தால் செருப்பு சிவக்கக்கூடாது. சிவக்கவில்லை. மெய்க்கோடு.

"என்னங்க அங்கிள், செருப்பையெல்லாம் எடுக்கறீங்க?" என்றாள் ஜெயப்பிரியா.

"செருப்பு வராம பாத்துக்கறேம்மா."

கேமராவையும் நம்பவில்லை. ஓமம் முடிந்ததும் ஒரு தடவை, பால் பொங்கினதும் ஒரு தடவை, எடுத்ததை ஓட்டிப் பார்த்தார். பால் விளிம்பில் திரண்டு, ஒரு கணம் நின்று, வழிந்தது. அந்த ஒரு கணத்தில் பாலின் நுரைக்குமிழ் ஒவ்வொன்றும் எண்ணிக்கொள்ளலாம் போலத் தெளிவாக இருந்தது. பின்னால் ஜெயப்பிரியாவின் அம்மா கண்ணைத் துடைப்பது மங்கலாக, எவ்வளவு மங்கலாக வேண்டுமோ அவ்வளவு மங்கலாக. லோகு எடுத்தா மங்காது.

எடிட்டிங்கை ஆவடியில் ஒரு புது ஆளிடம் கொடுத்தார். அவருக்கு ஆறாயிரம். மீதி பதினாலாயிரத்தை வீட்டில்கூட வைக்கவில்லை. சட்டையின் உள்பையில் போட்டுக்கொண்டு நேராக ஓ.டி.க்கு வண்டியை விட்டார்.

மாடி அறையில் ஞானசேகரன் மட்டும் இருந்தார். கம்ப்யூட்டரில் வெள்ளானூர் பெண்ணின் படம் ஓடிக்கொண்டிருந்தது. லோகநாதனைப் பார்த்ததும் அதை நிறுத்தினார்.

"வா லோகு. இன்னா இளைச்சிட்ட? டீ சொல்லட்டா?"

"மானிட்டர்ல கோட்டை ஹைல வெச்சது நீதானே?"

ஞானசேகரனின் கை மேசையில் இருந்த பேனாவைத் தேடிப்போனது.

"உன் கண்ணுக்குத் தடியா தெரியட்டும்னுதான்…"

"அதுக்கு மொத நாளு வெள்ளானூருக்குப் போனதும் என் கண்ணுக்காகத்தானா?"

பஸ் ஸ்டாண்டில் யாரோ பூந்தமல்லி பூந்தமல்லி என்று கூவிக்கொண்டிருந்தார்கள். ஞானசேகரன் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"எட்டு வருசமா புள்ள ஒரு எடத்துல நிலைக்காம, இப்ப ஊட்ல குந்திகினு கீறான் லோகு. மருமவ அவங்கம்மா ஊட்டுக்குப் போயி ஆறு மாசம் ஆச்சி. உனக்கு இன்னா, மாடி ஊடு கீது. எத்தினி நாளைக்கு நீயே எடுத்துகினு இருப்ப?"

"என்னாண்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா."

"குடுத்திருக்க மாட்ட." ஞானசேகரன் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "இருபத்தாறு வருசத்துல ஒருத்தனை உன் பக்கத்துல நிக்க வெச்சி எடுத்திருக்கியா? ஓரமா நிக்கட்டும், குறுக்க வந்தா காலை ஒடப்பேன்னுதான சொன்ன. உன் பேரு உனக்கு. அது பக்கத்துல எம்புள்ள பேரு நிக்க எடமே இல்ல."

அது உண்மை என்பது லோகநாதனுக்குத் தெரியும். உண்மையாக இருந்தாலும், கேட்டுவிட்டு மறுக்கப்படுவது ஒன்று, கேட்காமலே குருடனாக்குவது வேறு.

"என் கண்ணு விஷயம் நெஞ்சோட போச்சின்ன."

ஞானசேகரன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தப் பதினாலாயிரம் வாணாம் லோகு. அத்தோட கழிச்சிக்கலாம். மனசுல வெச்சிக்காத."

லோகநாதன் உள்பையில் கையை விட்டு ரூபாய்க் கட்டை எடுத்தார். மேசையில் வைக்கவில்லை.

"கைய நீட்டு."

"வாணாம்னு சொல்றேன்ல."

"நீட்டு ஞானம். மானிட்டரு என்னுதுன்னு ஆவணும்."

ஞானசேகரன் நீட்டினார். டீயைப் பாதியாகப் பகிர்ந்த கை, படத்தை வெட்டி ஒட்டிய கை, மெனுவில் கோட்டைக் கூட்டி வைத்த கை. லோகநாதன் கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஐந்நூறு ரூபாய்த் தாளையும் விரலால் நெருடி, ஒட்டிக்கொண்டு வராமல் பிரித்து, வாய்விட்டு எண்ணி அந்தக் கைமேல் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பத்துக்கு மேல் போனபோது ஞானசேகரன் மறு கையால் தாங்கப் பார்த்தார். லோகநாதன் நிறுத்திக் காத்திருந்தார். அந்தக் கை விலகியதும் மறுபடி தொடங்கினார். இருபது, இருபத்தொன்று. கீழே பஸ் ஒன்று கிளம்பிப்போனது. இருபத்தாறு, இருபத்தேழு.

கடைசித் தாளை வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"இருபத்தெட்டு."

ஞானசேகரன் விரல்களை மூடவில்லை.